இரத்தநாள அழற்சியும் மாரடைப்பும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாரடைப்பு என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் மனக்கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். அவ்வுருவத்திற்கு வயது ஐம்பதுக்கு மேல், ஆண்பால், சரீரம் தடித்தது, பீடியோ சுருட்டோ கைவிடாதது, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு என்னும் இரண்டு தோழர்களை உடையது, காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழுந்திராதது. இவ்வுருவம் பொய்யன்று. நம் சங்கத்தின் அனுதாபத் தீர்மானங்களைப் புரட்டிப் பார்ப்போர் இத்தகையோர் பலரை அங்கே காண்பர். ஆயினும் இஃதொன்றே மாரடைப்பின் உருவமென்று எண்ணிவிட்டமையால், வேறு வடிவில் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் அந்நோயை அடையாளங் காணாது போகிறோம். நான்கு வயதுப் பாலகனுக்கு மாரடைப்பு வரும். இருபத்தைந்து வயது நங்கைக்கு வரும். கொழுப்பென்பது ஒரு சிறிதும் படியாத நாளத்திலும் வரும். அஃது எங்ஙனம் என்பதைச் சொல்லவே இன்று தங்கள்முன் நிற்கின்றேன். தாய்மார்கள் இங்கே மிகுதியாக வந்திருத்தல் எனக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. யான் சொல்லப்போவதிற் பெரும்பகுதி அவர்கட்கே உரியது.

முதலில் இருதயத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை சுருங்கி விரிந்து உடலெங்கும் இரத்தத்தை இறைக்கின்றது. தன் அறைகளில் அத்துணை இரத்தம் நிறைந்திருந்தும், அதன் தசை அவ்விரத்தத்தை நேரே உண்பதில்லை. வயலுக்கெல்லாம் நீர் பாய்ச்சும் பெரு வாய்க்காலின் தலைமடையிலேயே இரண்டு சிறு கால்கள் பிரிந்து ஏற்றக்காரன் வீட்டுக்கே திரும்பி வருவதுபோல, பெருநாளத்தின் அடியிற் கிளைக்கும் இரண்டு சிறு நாளங்கள் இருதயத்தின் மேல் மகுடம் சூட்டினாற்போலப் படர்ந்து அதற்கு உணவூட்டுகின்றன. இவற்றை முடிநாளங்கள் என்பர். வளர்ந்தவர்க்கு இவற்றின் உள்விட்டம் மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர். சிறு குழந்தைக்கோ இரண்டு மில்லிமீட்டர் அளவே. இவற்றுள் ஒரு கிளை அடைபடின், அதனால் உணவு பெறும் தசை சில மணி நேரத்திற்குள் மடிகின்றது. அதுவே மாரடைப்பு. ஆதலின் மாரடைப்பென்பது இருதயத்தின் நோயென்பதினும் நாளத்தின் நோயென்பதே பொருந்தும்.

நாளமோ வெறுங்குழாயன்று, உயிருள்ள சுவர்களை உடையது. உட்சுவர் பளிங்குபோல் வழுவழுப்பானது. இரத்தம் உறையாமல் ஓடுதற்கு அதுவே காவல். நடுச்சுவர் தசையாலும் மீள்தன்மையுள்ள நார்களாலும் ஆயது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்துப் பின் பழைய நிலைக்கு வருவது இதனால். புறச்சுவர் மேலே போர்த்த போர்வை.

இனி அழற்சி என்பது யாது? முள் தைத்த விரல் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கின்றதன்றோ? இந்நான்கு அடையாளங்களையும் செல்சஸ் என்னும் உரோமானிய ஆசிரியர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அழற்சி நமக்குப் பகையன்று. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களாகிய காவற்காரர்கள் கள்வனைப் பிடிக்கத் திரளுதலே அது. ஆனால் காவற்காரர்கள் கள்வனைக் காணாமல் வீட்டுச் சுவரையே இடிக்கத் தொடங்கினால்? இரத்தநாளத்தின் சுவரில் அங்ஙனம் நிகழ்வதையே நாள அழற்சி என்கிறோம். அதன் முடிவு இரண்டிலொன்று. சுவர் தடித்துத் தடித்து வழி குறுகும். அல்லது சுவரின் மீள்நார்கள் கரைந்து, நைந்த துணிப்பை போல நாளம் குமிழாகப் புடைக்கும். எவ்வாறாயினும் பளிங்கு போன்ற உட்சுவர் பழுதடைதலின், ஆங்கே இரத்தம் உறைந்து கட்டிதட்டுதற்கு இடமாகின்றது.

1866 ஆம் ஆண்டு ஜெர்மானிய நாட்டுப் பிரைபர்க் நகரில் குஸ்மால், மையர் என்னும் இருவர் இருபத்தேழு வயதுத் தையற்காரர் ஒருவரின் நோயைப் பற்றி எழுதினர். சுரத்தாலும் வலியாலும் மெலிந்து அவர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்கையில், நாளங்களில் மணி கோத்தாற்போல முடிச்சுக்கள் காணப்பட்டன. இருதயத்து நாளங்களும் தப்பவில்லை. இந்நோய்க் கூட்டத்தைப் பற்றி வைத்திய உலகம் தெளிவாக அறிந்தது அன்று முதல். அக்கூட்டத்திற் பல கிளைகள் உண்டு. அனைத்தையும் விரித்தால் சாப்பாட்டு நேரம் கடந்துவிடும். ஆகவே நம் குடும்பங்களுக்கு மிக வேண்டிய இரண்டினை மட்டும் எடுத்துக் கொள்கின்றேன்.

முதலாவது, குழந்தைகளுக்கு வருவது. கவாசாக்கி நோய் என்பது இதன் பெயர்.

ஜப்பான் தலைநகராகிய டோக்கியோவிலுள்ள செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் தொமிசாக்கு கவாசாக்கி என்னும் குழந்தை வைத்தியர் ஒருவர் உத்தியோகம் பார்த்து வந்தார். 1961 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நான்கு வயதும் மூன்று மாதமும் ஆன ஒரு சிறுவன் அவரிடம் வந்தான். சுரம் நாட்கணக்கில் விடவில்லை, கண்கள் சிவந்தன, உதடுகள் வெடித்தன, உடம்பெல்லாம் தடிப்பு, கைகால் வீக்கம். அவர் படித்த எந்நூலிலும் இவையனைத்தும் ஒருசேரச் சொல்லப்படவில்லை. சிறுவன் குணமாகி வீடு சென்றான். நோயின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் தெரியவில்லை யென்றே எழுதப்பட்டது. ஓராண்டு கழித்து அவ்வாறே மற்றொரு குழந்தை. பிறகு அவர் விடவில்லை. ஒவ்வொரு குழந்தையின் உதட்டையும் நாவையும் விரலையும் பார்த்துப் பார்த்துக் குறித்து, ஐம்பது குழந்தைகளின் வரலாற்றை 1967 இல் வெளியிட்டார். மேல்நாட்டார் படிக்க ஆங்கிலத்தில் அது வெளிவந்தது 1974 இல். பெரிய ஆராய்ச்சிச் சாலை அவரிடம் இல்லை. கண்ணும் பொறுமையுமே அவருடைய கருவிகள். தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்து 2020 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க இடம் ஒன்றுண்டு. இது தானே வந்து தானே போகும் தீங்கற்ற சுரம் என்பதே முதலிற் கொண்ட கருத்து. ஆனால் 1965 இலேயே தனாக்கா என்னும் நோயியலறிஞர், இந்நோய் கண்டு திடீரென இறந்த ஒரு குழந்தையைப் பிரேத பரிசோதனை செய்தபோது முடிநாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கக் கண்டார். சுரத்துக்கும் இருதயத்துக்கும் தொடர்பில்லையென்று வாதிட்டவர்கள் பலர். 1970 இல் ஜப்பானிய தேச முழுவதும் கணக்கெடுத்தபோது, சுரம் தீர்ந்தபின் திடீரென இறந்து பிரேத பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைகள் பத்துப்பேர் இருந்தமை வெளியாயிற்று. அவர்கள் இறந்தது முதியோர் இறக்கும் அதே முறையில், மாரடைப்பால். விளையாடித் திரியத் தொடங்கிய குழந்தை, பெற்றோர் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தி மகிழ்ந்திருக்கும் வேளையில், இங்ஙனம் போவதினும் கொடிது வேறுண்டோ?

இஃது நிகழும் முறை இது. சுரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே முடிநாளத்தின் சுவரில் அழற்சி புகுகின்றது. இரண்டாம் வாரத்தில் மீள்நார்கள் அறுந்து நாளம் புடைக்கத் தொடங்கும். அதே சமயத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் வழக்கத்தினும் பன்மடங்காகப் பெருகும். ஆற்றில் வெள்ளம் ஓடும் இடத்தில் வண்டல் படிவதில்லை, மடுவில் படியும். அதுபோலப் புடைத்த குமிழில் இரத்தம் சுழன்று தேங்கி உறைகின்றது. சுரம் தணிந்து, பிள்ளை பிழைத்ததென்று நாம் மூச்சு விடும் வாரமே அபாயம் முதிரும் வாரம். பின்னர்க் குமிழின் இரு முனைகளிலும் வடு வளர்ந்து வழி சுருங்குவதுமுண்டு. இந்நோயால் மாரடைப்பு வந்த 195 பேரின் வரலாற்றை ஜப்பானிய வைத்தியர்கள் 1986 இல் வெளியிட்டனர். பெரும்பாலோர்க்கு அது வந்தது நோய் கண்ட ஓராண்டுக்குள். ஓடியாடும்போதன்று, உறங்கும்போதோ ஓய்ந்திருக்கும்போதோ. சிறு குழந்தை நெஞ்சு வலிக்கிறதென்று சொல்லுமா? வீறிட்டு அழும், வாந்தியெடுக்கும், வெளிறிப்போகும். வயிற்றுக் கோளாறென்று நாம் ஓமநீர் கொடுப்போம்.

நிற்க. இதற்குப் பரிகாரம் உண்டா என்பீர்கள். உண்டு, அதனாலன்றோ இத்துணை விரிவாகப் பேசுகின்றேன்! பல்லாயிரம் பேர் அளித்த இரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கும் காமா குளோபுலின் என்னும் மருந்து ஒன்றுண்டு. 1984 இல் ஜப்பானிய வைத்தியர் புருஷோ என்பவரும் அவர் கூட்டத்தாரும் இதனை நாளத்தின் வழியாகச் செலுத்தினால் குமிழ் உண்டாவது குறைகிறதென்று காட்டினர். 1986 இலும் 1991 இலும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் அதனை உறுதிப்படுத்தி, ஒரே தடவையாகக் கொடுக்கும் முறையையும் வகுத்தனர். குழந்தையின் எடை ஒவ்வொரு கிலோவிற்கும் இரண்டு கிராம் என்பது கணக்கு. மருந்து பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு முடிநாளம் கெடுகின்றது. காலத்திற் பெற்றவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவே. இதைப்போல் ஒரே மருந்தால் இத்துணை வேற்றுமை விளையும் வியாதிகள் மிகச் சிலவே. ஆனால் அதற்கொரு நிபந்தனை. சுரம் தொடங்கிய பத்து நாட்களுக்குள் மருந்து சேரல் வேண்டும். அதற்குப் பின்னரும் அழற்சி தணியாதிருப்பின் கொடுப்பதுண்டு. எனினும் முழுப்பயன் முதற் பத்து நாட்களுக்கே உரியது.

இப்பத்து நாட்களை நாம் எங்ஙனம் செலவழிக்கிறோம் என்பதைத்தான் இச்சபையில் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். குழந்தைக்குச் சுரம், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு. நம் வீடுகளில் உடனே என்ன நிகழும்? பாட்டியார் பார்த்து, அம்மை போட்டிருக்கிறதென்பார். வாயிலில் வேப்பிலை செருகப்படும். வைத்தியரிடம் போகலாகாது, மருந்து கொடுத்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்பர். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ மூன்றாந் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தை அவ்வறையிலேயே கிடக்கும். சிவப்பு மறைந்து, விரல் நுனியில் தோல் உரியத் தொடங்கும். தாய் இறங்கிவிட்டாள் என்று எல்லாரும் மகிழ்வர். பத்து நாட்கள் போயின. மாரியம்மனிடத்து நம்மவர்க்குள்ள பக்தியை யான் குறைத்துப் பேசுவேனல்லேன். யானும் அவ்வேப்பிலைப் படுக்கையில் வளர்ந்தவனே. வேப்பிலையும் தனியறையும் குழந்தைக்கு அமைதியையும் மற்றவர்க்குக் காவலையும் தருவன, அவை இருக்கட்டும். ஆனால் வைத்தியர் வந்து பார்ப்பதை ஆத்தாள் தடுத்தாள் என்று யார் சொன்னது? அம்மையேயானாலும் இக்காலத்தில் வைத்தியர் பார்த்தல் வேண்டும். தட்டம்மையால் நுரையீரல் அழற்சி கண்டு இறந்த குழந்தைகள் கொஞ்சமல்ல.

தாய்மார்கள் நினைவிற் கொள்ளத்தக்க அடையாளங்களைச் சொல்லி விடுகிறேன். ஐந்து நாட்களுக்கு மேல் விடாத கடுஞ்சுரம் முதலாவது. அதனோடு இரு கண்களும் பீளை தள்ளாமலே சிவந்திருத்தல், உதடு சிவந்து வெடித்தலும், நாக்கு செம்முள் முளைத்தாற்போல் தோன்றுதலும், உடம்பில் தடிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வீங்குதல், கழுத்தில் ஒரு பக்கத்தே நெறி கட்டுதல். இவ்வைந்தில் நான்கிருந்தால் வைத்தியர் ஐயமின்றி இந்நோயென்பர். தட்டம்மையில் இருமலும் மூக்கொழுகலும் முன்னே வரும். தடிப்பு காதின் பின்புறத்தும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும். கவாசாக்கி நோயில் அவ்வாறில்லை. நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போடுகின்றார்களன்றோ? அத்தழும்பு திடீரெனச் சிவந்து வீங்குதலும் இந்நோயின் குறிகளுள் ஒன்று. தாய் குளிப்பாட்டும்போது காணக்கூடியது. குழந்தை எவர் தொட்டாலும் தாங்காமல் ஓயாது அழுதலும் உண்டு. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களிடம் மட்டும் எச்சரிக்கை மிக வேண்டும். அவர்களுக்கு இக்குறிகள் இரண்டொன்றே தோன்றும், நாளங் கெடுவதோ மிக அதிகம். காரணமறியாச் சுரம் ஏழு நாள் நீடித்த சிசுவுக்கு இருதயத்தை ஒலியலையால் படம் பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்யுமாறு நாமே வைத்தியரைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

ஜப்பானியர்க்கன்றோ இந்நோய், நமக்கென்ன என்று ஒருவர் வினவலாம். ஜப்பானில் இது மிகுதி யென்பது மெய். அங்கே ஆண்டொன்றுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நோய் கண்ட ஆண்டுகள் உண்டு. ஆனால் இது காணாத தேசமில்லை. சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தார் இந்நோயுற்ற நம் நாட்டுக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரை நெடுங்காலமாகப் பார்த்து எழுதி வருகின்றனர். தேடுகிறவர்களுக்கு அகப்படுகிறது, தேடாதவர்களுக்கு அம்மையென்று போய்விடுகிறது. 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, அத்தொற்று நீங்கிய சில வாரங்களில் ஏறக்குறைய இவ்வடையாளங்களோடே குழந்தைகளுக்கு ஒரு கடுஞ்சுரம் கண்டது. இலண்டனிலும் இத்தாலியிலும் முதலிற் கண்டு, பின்னர் நம் நாட்டிலும் கண்டனர். அதற்கும் பல ஆஸ்பத்திரிகளில் இதே மருந்து கைகொடுத்தது.

கவாசாக்கி நோயின் மூலகாரணம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஒரு கிருமியைக் கண்டு மிரண்ட உடல் தன் நாளங்களையே தாக்குகிறதென்பது பலர் கொள்கை. ஒருவர்க்கொருவர் ஒட்டுவதன்று, ஆதலின் குழந்தையை ஒதுக்கிவைக்க வேண்டுவதில்லை. சிறு குமிழ்கள் இரண்டாண்டுக்குள் பாதிக்கு மேல் தாமே சுருங்கிவிடும். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சுருங்குவது அரிது. அக்குழந்தைகள் இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்டு பல்லாண்டு வைத்தியர் மேற்பார்வையில் இருத்தல் வேண்டும். முப்பது வயதில் மாரடைப்புடன் வந்தவர் சிலரின் முடிநாளத்தில் சுண்ணாம்பேறிய பழங்குமிழ் காணப்பட்டிருக்கின்றது. சிறுவயதில் பலநாட் சுரம் கண்டதுண்டா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் தாயாருக்குத் தெரியும்.

இனி இரண்டாவது நோய். இதுவும் ஜப்பானியர் ஒருவர் பெயராலேயே வழங்குகின்றது. கனசாவா நகரத்துக் கண் வைத்தியர் தகாயாசு என்பவர் ஓர் இளம்பெண்ணின் கண்ணுள்ளே நாளங்கள் மாலை சுற்றினாற்போல் இருக்கக் கண்டு 1908 இல் வெளியிட்டார். அவ்வாறே கண்ட வேறு பெண்களுக்கு மணிக்கட்டில் நாடி அகப்படவில்லையென்று உடனிருந்த வைத்தியர்கள் கூறினர். நாடியற்ற நோயென்றே இதற்கு ஒரு பெயர். பெருநாளமும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகுதலே இதன் தன்மை. பெரும்பாலும் நாற்பது வயதிற்குட்பட்ட பெண்களுக்கே வரும். ஆசியா கண்டத்தில் இது மிகுதி. நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இந்நோயாளர் பலரை நெடுங்காலமாகப் பராமரித்து, அவ்வனுபவத்தை உலகறிய எழுதியுள்ளார்கள்.

தொடக்கத்தில் இளைப்பு, இலேசான சுரம், எடை குறைதல், மூட்டு வலி, அவ்வளவே. பின்னர், துணி துவைக்கையிலோ தலைவாரும்போதோ கை சோர்ந்து வலிக்கும். ஒரு கையில் இரத்த அழுத்தம் ஒன்று, மறு கையில் வேறொன்று. சிறுநீரக நாளம் குறுகினால் இருபது வயதிலேயே கடும் இரத்தக் கொதிப்பு. முடிநாளங்கள் பெருநாளத்தினின்று கிளைக்கும் வாயிலே குறுகிவிடின், உள்ளே நாளம் முழுதும் செம்மையாயிருந்தும் மாரடைப்பு வருகின்றது. இருபத்தைந்து வயதுப் பெண் படியேறும்போது மார்பு இறுகுகிறதென்றால், மனக்கவலை யென்றும் வாயுவென்றும் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இரு கையிலும் நாடி பார்த்து, இரு கையிலும் அழுத்தம் அளப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். அவ்வைந்து நிமிஷத்தைக் கேட்டுப் பெறுங்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் இப்பொழுது பல உண்டு. முதலில் அவற்றால் அழலைத் தணித்துப் பின்னரே குறுகிய இடத்தைக் கம்பிவலை வைத்து விரித்தல் நலம். அழல் எரியும்போது அவசரப்பட்டு விரித்த இடம் மீண்டும் அடைபடுதல் மிகுதியாகக் காணப்படுகின்றது.

இவ்விடத்தில் நம் சமூகத்து வழக்கம் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை. பெண்ணுக்கு இந்நோயென்று தெரிந்தவுடன் பெற்றோர் அதை மறைக்கிறார்கள். ஜாதகம் பார்க்கப் பத்துப் பேரைக் கூப்பிடுவோம்; மருந்துச் சீட்டை மட்டும் பெட்டிக்கடியில் வைப்போம். விவாகமானபின் மாமியார் வீட்டில் மாத்திரை விழுங்க அஞ்சி அப்பெண் மருந்தை நிறுத்துகின்றாள். கர்ப்பம் தரிக்கின்றாள், இரத்தக் கொதிப்பு ஏறுகின்றது, அப்பொழுது உண்மை வெளிவருகின்றது, ஓர் உயிரோ ஈருயிரோ ஊசலாடும் நிலையில். மருந்தால் அழல் அடங்கியிருக்கும் காலத்தில், வைத்தியர் யோசனைப்படி கர்ப்பம் தரித்துச் சுகப்பிரசவம் ஆன பெண்கள் பலர். ஆகவே மறைக்கவேண்டிய அவசியமே இல்லை, மறைப்புத்தான் கொல்கின்றது. பிள்ளை வீட்டாரும் தங்கள் பக்கத்தை எண்ணிப் பார்க்கட்டும். மறைப்பவர்கள்மேற் குற்றம் சொல்லுகிறோம். சொன்னவர்களுக்கு நாம் செய்த மரியாதை என்ன? சம்பந்தம் முறிந்ததென்று ஊரெல்லாம் பறைசாற்றியதுதானே!

முதியோர்க்கு வரும் நாள அழற்சியும் ஒன்றுண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்பன அதன் குறிகள். கண் போய்விடுமாதலின் உடனே வைத்தியம் வேண்டும். நம் நாட்டில் அருகியே காணப்படுவதால் இத்துடன் விடுகின்றேன்.

இத்துணை நேரம் அரிய வியாதிகளைப் பேசினீர், கல்லாவில் இருக்கும் எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் நினைப்பது எனக்குத் தெரிகின்றது. உண்டு. சாதாரண மாரடைப்பிலும் அழற்சிக்குப் பங்குண்டென்பது இக்காலத்துத் துணிபு. நாளத்திற் படியும் கொழுப்பு, சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைப்பதுபோல் அடைக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். அவ்வளவு எளிதன்று. கொழுப்பு உட்சுவருக்குள்ளே புகுகின்றது. அதை அகற்றவந்த வெள்ளணுக்கள் அதனை விழுங்கி ஆங்கேயே மடிந்து குவிகின்றன. அக்குவியலின் மேல் மூடிய மெல்லிய தோல் அழலால் அரிக்கப்பட்டு ஒருநாள் கிழிகின்றது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கின்றது. ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ இதில் அழற்சியின் சாயலை 1850 ஆம் ஆண்டுகளிலேயே கண்டு கூறினார். அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் ராஸ் 1999 இல் இதனை அழற்சி நோயென்றே துணிந்தெழுதினார். எனினும் சொல்வது வேறு, மெய்ப்பிப்பது வேறு. 2017 இல் வெளியான ஒரு சோதனையில், முன்னமே மாரடைப்பு வந்தவர் பதினாயிரம் பேருக்குமேல் சேர்க்கப்பட்டனர். கொழுப்பைச் சிறிதும் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தொன்று தரப்பட்டது. இருதய விபத்துகள் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தன. ஆனால் அம்மருந்து பெற்றாரிடைத் தொற்றுநோயால் மரணம் சற்று மிகுந்தது. விலையும் சாமானியர் எட்டாதது.

பின்னர் ஆராய்ந்தது கொல்ச்சிசீன் என்னும் பழைய மருந்து. இதன் கதை நமக்கு உரியது. நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மலராகிய செங்காந்தளில், கண்வலிக்கிழங்கென்று நாம் சொல்லும் அதே செடியில், இச்சத்து நிறைந்திருக்கின்றது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கங்களில் அதனைப் பயிரிட்டு விதையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்பு வந்தவர் 4,745 பேரைக் கொண்டு நடந்து 2019 இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் இம்மருந்து உண்டவர்க்கு விபத்து நூற்றுக்கு 7.1 என்பதிலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. 2020 இல் 5,522 பேரிடத்தும் நன்மையே கண்டனர். ஆனால் 2024 இல் வெளிவந்த, ஏழாயிரம் பேரைக் கொண்ட பெரிய சோதனையில் நன்மை ஒன்றும் காணவில்லை. ஆகவே அறிஞரிடையே வழக்கு முடியவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: கண்வலிக்கிழங்கு கொடிய நஞ்சு. இருதயத்துக்கு நல்லதாமென்று நம் தோட்டத்துக் கிழங்கை எவரேனும் இடித்துக் குடித்தால், இருதயத்தைப் பற்றிக் கவலைப்பட அவர் இருக்கமாட்டார்.

கொழுப்பைக் குறைத்தல், புகையிலையை விடுதல், நீரிழிவை அடக்குதல் என்பனவற்றின் பெருமை இதனாற் குறையவில்லை. நாளத்தில் அழலை மூட்டுவனவும் அவையே. கீல்வாதமாகிய மூட்டழற்சி உடையோர்க்கு மாரடைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிகுதியென்று கணக்கிட்டுள்ளனர். அவர்கள் மூட்டுக்கு மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு இருதயத்தை மறத்தலாகாது. கனடா நாட்டில் 2018 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, இன்புளுயன்சா சுரம் உறுதிப்பட்ட முதல் வாரத்தில் மாரடைப்பு ஆறு மடங்காகிறதென்று காட்டிற்று. அறுபது வயது கடந்தோர் ஆண்டுதோறும் அதற்குரிய தடுப்பூசி போட்டுக்கொள்வதில் என்ன தயக்கம்?

கடைசியாக ஒரு காரியம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காமா குளோபுலின் இருபது கிராம் வேண்டும். அதன் விலை பல்லாயிரம் ரூபாய். கையிலே பணமின்றி, நகையை வைத்துப் பணம் புரட்ட இரண்டு நாள், உறவினரைக் கேட்க ஒரு நாள் என்று கழிந்தால் பத்தாம் நாள் வந்துவிடும். நம் சங்கத்தில் கல்வி நிதியுண்டு. கலியாண மண்டபத்திற்குத் தனி நிதியுண்டு. வைத்திய சகாயத்திற்கு மனுக் கொடுத்தால், காரியக் கமிட்டி கூடும்வரை காத்திருத்தல் வேண்டுமென்பது இப்போதுள்ள விதி. அது மாதமொருமுறை கூடுவது. இந்நோயோ பத்து நாள் தவணை கொடுப்பது. ஆகையால், பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் அவசர வைத்தியத்திற்காக ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, வைத்தியர் சீட்டைக் கண்ட அன்றே கமிட்டியின் அனுமதியை எதிர்பாராது பொக்கிஷதார் அவர்கள் அதனை ஆஸ்பத்திரிக்கு நேரே செலுத்தலாமென்று விதியைத் திருத்துமாறு இச்சபையில் பிரேரேபிக்கின்றேன். மருந்து பெற்ற குழந்தைகளின் பெற்றோர், அச்சீட்டையும் எக்கோப் படங்களையும் பிள்ளை வளர்ந்த பின்னும் பத்திரமாய் வைத்திருத்தல் வேண்டும். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை இம்மருந்து பெற்றபின் பதினொரு மாதம் தள்ளிப் போடவேண்டுமாகையால், ஊசி போடுபவரிடமும் அச்சீட்டைக் காட்டுதல் அவசியம். பிரேரேபணையை எவரேனும் ஆமோதித்தால், அக்கிராசனாதிபதி அவர்கள் அதனை இன்றே வோட்டுக்கு விடும்படி கேட்டுக்கொள்கின்றேன்.